கோட்டுக்கு ஒரு கஜம் முன்னால் நழுவிய பந்து

லிபோவா, டெக்ஸஸ்
டிசம்பர் முதல் வெள்ளி

பெரும் மதிப்புக்கும் அன்புக்கும் உரிய அக்கா சிஸ்டர் லுட்மிலா அவர்களின் திருச்சமூகத்துக்கு, தம்பி அலோயிஸ் மண்டியிட்டு எழுதிக்கொள்வது. மண்டியிட்டு என்பதை அலங்காரத்துக்காக எழுதவில்லை. வீட்டு நாற்காலிகள் எல்லாவற்றின் மேலும் என் வீட்டுக்காரி அல்பினா ஈரத்துணி போட்டு வைத்திருக்கிறாள். எடுக்கச் சொல்லும் நிலையில் நான் இல்லை. அதனால் கட்டிலைத் தாள் வைக்கும் பலகையாக்கிக்கொண்டு தரையில் முட்டி போட்டு எழுதுகிறேன்.

உங்கள் முழங்கால் வலி தணிந்திருக்கும் என்றும், மடத்து எலுமிச்சை மரங்கள் இந்த வாரத்துப் பனிக்குத் தப்பியிருக்கும் என்றும், மதர் சுப்பீரியரின் இருமல் அவரை விட்டுப் போயிருக்கும் என்றும் நம்புகிறேன். இங்கே நாங்கள் எல்லோரும் நலம். இந்த வாக்கியம் பழக்கத்தில் வந்துவிட்டது, அக்கா. அடித்தால் தாள் அசிங்கமாகிவிடும் என்பதால் அப்படியே விடுகிறேன். நாங்கள் நலமாக இல்லை. குறிப்பாக நான் இல்லை. ஐம்பத்தெட்டு வயது வரை பிறந்த ஊரிலேயே இருந்துவிட்டு, ஒரே சனிக்கிழமை பிற்பகலில் அந்த ஊருக்கு அந்நியன் ஆகிவிட்டேன். உங்கள் மடத்தில் தோட்ட வேலைக்கோ கொதிகலன் பார்க்கவோ ஆள் தேவைப்பட்டால் தெரிவிக்கவும். கன்னியர் மடத்தில் ஆண்பிள்ளை தங்கக்கூடாது என்பது தெரியும். காரிலேயே படுத்துக்கொள்வேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். இருபத்திரண்டு வருடமாக நான் பள்ளிக்கூடப் பந்தாட்டங்களுக்கு வரிச்சட்டை போட்டுக்கொண்டு நடுவராகப் போய்வருவது உங்களுக்குத் தெரியும். கோட்டு நடுவர் என்று பெயர். மைதானத்தின் ஓரமாக நின்று, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற பையன்களில் கோட்டை யார் தாண்டினார்கள், யார் தாண்டவில்லை என்று பார்ப்பது என் வேலை. சொந்த ஊர் ஆடும் ஆட்டத்துக்கு நடுவரைப் போட மாட்டார்கள், அது முறையும் அல்ல. ஆனால் போன சனிக்கிழமை, லிபோவா பதினெட்டு வருடத்துக்குப் பிறகு மாநிலத்துக் கடைசி எட்டில் ஒன்றாக வந்து ஹார்லன் க்ரீக் பையன்களோடு மோதுகிற நாளில், கோட்டு நடுவராக வர வேண்டியவருக்குக் காலையில் சிறுநீரகக் கல் புரண்டுவிட்டது. தலைமை நடுவர் ஓர்வில் டீட்ஸ் என்னைத்தான் கூப்பிட்டார். நூறு மைலுக்குள் வேறு ஆள் இல்லையாம். "அலோயிஸ், ரெண்டு கோச்சும் சரின்னு கையெழுத்துப் போட்டுட்டாங்க, நீ வந்துரு" என்றார். நம் ஊர்க் கோச் எமில், அல்பினாவின் கூடப்பிறந்தவன், என் மச்சான். அவன் கையெழுத்துப் போட்டதில் ஆச்சரியம் இல்லை. ஹார்லன் க்ரீக் கோச் ஏன் போட்டார் என்று ஓர்வில் பிறகு சொன்னார். "அந்த ஆள் ரொம்ப நேர்மையானவன்னு கேள்விப்பட்டேன். நேர்மையானவன் சொந்தக்காரனுக்குத்தான் முதல்ல குழி வெட்டுவான்" என்றாராம். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆனால் என் பெண்டாட்டியைவிட என்னைச் சரியாகப் புரிந்துவைத்திருக்கிறார்.

ஆட்டத்தை முழுக்க எழுத மாட்டேன், கடைசி நிமிடம் மட்டும் போதும். ஹார்லன் க்ரீக் இருபத்தொன்று, நாம் பதினான்கு. கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்த அதே நொடியில் நம் பையன் டெர்ரிக் பார்ட்டோஷ் பந்தோடு கோட்டைத் தாண்டினான். ஆறு புள்ளி சேர்ந்து இருபது. நேரம் முடிந்தாலும் அதற்குப் பிறகு ஒரு கூடுதல் முயற்சி உண்டு. மூன்று கஜத்திலிருந்து பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் ஒரு புள்ளி, சமம், ஆட்டம் நீளும். உதைக்காமல் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி மறுபடி கோட்டைத் தாண்டினால் இரண்டு புள்ளி, வெற்றி. நம் உதைக்கிற பையன் இந்த வருடம் ஒன்றுகூடத் தவறவிட்டதில்லை. எமில் இரண்டு விரலைத் தூக்கினான். ஓடப் போகிறோம் என்று அர்த்தம். ஊர் மொத்தமும், பாதர் துவாங் உட்பட எண்ணூறு பேரும், எழுந்து நின்றார்கள். வியட்நாமிலிருந்து வந்த அந்த மனிதர் பத்து வருடத்தில் நம்மை எல்லாரையும்விடப் பந்துப் பைத்தியம் ஆகிவிட்டார். அவர் அங்கியின் மேல் நம் அணியின் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

தூறல் வேறு. டெர்ரிக் பந்தை வாங்கிக்கொண்டு என் பக்கமாகவே ஓடிவந்தான். கோட்டுக்கு ஒரு கஜம் இருக்கும்போது இரண்டு தடியன்கள் அவனைத் தூக்கி அடித்தார்கள். பந்து சோப்புக்கட்டி மாதிரி நழுவி உருண்டு கோட்டுக்கு உள்ளே போனது. அதன் மேல் பத்துப் பேர் விழுந்தார்கள். நழுவிய இடத்துக்கு அடையாளமாகப் போட வேண்டிய சின்ன நீலப் பையை நான் போட்டேன். குவியலை ஒவ்வொருவராக உரித்து எடுத்தோம். அடியில் நம் கிளெம் மராக் கிடந்தான். முந்நூறு பவுண்டு எடையில் பந்தைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு கிடந்தான். அக்கா, கிளெமை உங்களுக்குத் தெரியாது. அவன் அப்பா செத்து மூன்று வருடம் ஆகிறது. அவன் ஆடுகிற இடம் அடுத்தவன் ஓட வழி திறந்துவிட்டு உதை வாங்குகிற இடம். நான்கு வருட ஆட்டத்தில் அவன் கையில் ஒரு தடவைகூடப் பந்து பட்டதில்லை. ஊர் முழுக்க "கிளெம்! கிளெம்!" என்று கத்தியது. பேண்டு வாத்தியக்காரர்கள் போல்கா வாசிக்க ஆரம்பித்தார்கள். பெரிய மேளக்காரர் அழுதுகொண்டே அடித்தார்.

இப்போது விதியைச் சொல்ல வேண்டும். சாதாரண ஆட்டத்தில் நழுவிய பந்தை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். கூடுதல் முயற்சியில் அப்படி இல்லை. பந்தை நழுவ விட்டவனே எடுத்துக் கோட்டைத் தாண்டினால் செல்லும். அவன் பக்கத்து வேறொருவன் எடுத்தால் பந்து அங்கேயே செத்துவிடும், கணக்கில் நழுவிய இடத்துக்குத் திரும்பிப் போய்விடும். புள்ளி கிடையாது. வேண்டுமென்றே முன்னால் உருட்டிவிட்டு நண்பனை எடுக்கச் சொல்லும் தில்லுமுல்லைத் தடுக்க வைத்த விதி. எதிர்ப்பக்கத்துக்காரன் எடுத்தால் மறுமுனை வரைகூட ஓடி இரண்டு புள்ளி வாங்கலாம், அது வேறு கதை. நம் மாநிலத்தில் பள்ளிப் பிள்ளைகளும் கல்லூரி விதிப்படிதான் ஆடுகிறார்கள். சிவப்பு ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒக்லஹோமாவில் இந்த விதி இல்லை. இதே ஆட்டத்தை அங்கே போய் ஆடியிருந்தால் கிளெமுக்கு இந்நேரம் ஊர்வலம் நடந்திருக்கும், நானும் நாற்காலியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பேன்.

ஓர்வில் என்னிடம் வந்தார். மற்ற மூன்று நடுவர்களும் முதுகுகளைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

"அலோயிஸ், பந்து கையை விட்டுப் போனப்ப கோட்டைத் தாண்டியிருந்துச்சா, இல்லையா?"

"இல்லை."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. உன் ஊரு."

"ஒரு கஜம் முன்னாடி. பை கிடக்குது பாருங்க."

ஓர்வில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மைதானத்தின் நடுவே போய், இரண்டு கையையும் குறுக்கே வீசினார். புள்ளி இல்லை, ஆட்டம் முடிந்தது என்று பொருள். போல்கா நடுவிலேயே நின்றது. ஒரு ஊதுகுழல் மட்டும் விஷயம் தெரியாமல் தனியாக இன்னும் நான்கு அடி வாசித்தது. அந்த ஊதுகுழலின் சத்தம் தூக்கத்தில்கூடக் கேட்கிறது. பந்தைத் திருப்பி வாங்க வேண்டியது என் பொறுப்பு. கிளெம் அதை விடவில்லை. "சார், நான்தானே பிடிச்சேன்?" என்றான். "நீதான்டா பிடிச்சே" என்றேன். வேறு என்ன சொல்ல? கையிலிருந்து பிடுங்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஊரே அதைப் பார்த்தது. எட்டு வருடத்துக்கு முன் வெள்ளம் வந்தபோது நான் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி வீடு வீடாக எரிவாயுக் குழாயை மூடியதை இவர்கள் மறந்துவிட்டார்கள். இதை மறக்க மாட்டார்கள்.

அன்றிலிருந்து நடப்பதைக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மில்டாவின் ரொட்டிக்கடைக்கு, நடுவில் குழித்து இனிப்பு வைத்த கோலாச் ரொட்டி வாங்கப் போனேன். இருபது வருடமாக எனக்குக் கசகசா வைத்தது நான்கு, பாலாடைக்கட்டி வைத்தது இரண்டு. மில்டா பெட்டியைக் கட்டிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து திறந்தால் ஆறு ரொட்டியும் நடுவில் வெறும் குழியோடு சிரிக்கின்றன. திரும்பிப் போய்க் கேட்டேன். "உள்ள வச்ச கசகசா கீழ விழுந்துடுச்சு அலோயிஸ்" என்றாள். "சரி, வேற எடுத்து வையேன் மில்டா" என்றேன். "நான் விழ விடலையே, என் மருமக இல்ல விழ விட்டா! அவ எடுத்து வச்சாத்தான் செல்லும். நான் எடுத்து வச்சாப் பழைய இடத்துக்கே திரும்பிப் போயிரும். நீ படிக்காத விதியா?" என்றாள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். மருமகளோ எங்கேயோ தொலைவில், கடலோரத்துக் கல்வெஸ்டனில் குடியிருக்கிறாள். வெறும் ரொட்டியை அல்பினா நாய்க்குப் போட்டாள். நாய்கூட மோந்து பார்த்துவிட்டு என்னைத்தான் பார்த்தது.

அங்கிருந்து பூசைக்குப் போனேன். அன்றைக்கு வாசகம், ஓய்வுநாள் மனிதனுக்காக உண்டானதே தவிர மனிதன் ஓய்வுநாளுக்காக உண்டாகவில்லை என்பது. திருவழிபாட்டு நாட்காட்டியில் அன்றைக்கு வேறு வாசகம் போட்டிருந்ததை நான் வீட்டுக்கு வந்து சரிபார்த்தேன். பாதர் துவாங் மேடையிலிருந்து என் பெஞ்சையே பார்த்துக்கொண்டு, "பரிசேயர் கெட்டவங்க இல்லை, பிள்ளைகளே. சட்டம் அவங்களுக்கு ரொம்ப நல்லாத் தெரியும். அதான் அவங்க வியாதியே" என்றார். சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் முன் பெஞ்சு, பின் பெஞ்சு, பக்கத்துப் பெஞ்சு எல்லாரும் மற்றவர்களுக்குக் கை கொடுத்தார்கள். நான் என் வலது கையை இடது கையால் குலுக்கிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை மன்றத்தில் சீட்டாட்டம். நாங்கள் நான்கு பேர், பதினாறு வருடக் கூட்டு. போனால் என் நாற்காலியில் ஒரு பூசணிக்காயை உட்கார வைத்து அதற்கும் சீட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருக்கிறார்கள். நான் வாசலில் நிற்கும்போதே பூசணி இரண்டு ஆட்டம் ஜெயித்தது. நான் அந்த மேசையில் ஆகஸ்டுக்குப் பிறகு ஒன்றுகூட ஜெயித்ததில்லை.

வீட்டில் அல்பினா வாயைத் திறப்பதில்லை. எல்லாமே கை ஜாடை. இன்னும் ஒரு கொழுக்கட்டை கிடைக்குமா என்று கேட்டால் இரண்டு கையையும் குறுக்கே வீசுகிறாள். அவளுக்கு அந்த ஜாடை இத்தனை நன்றாக வரும் என்று எனக்குத் தெரியாது. ஓர்வில்கூட அவ்வளவு தெளிவாகக் காட்டவில்லை.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டிருப்பேன், அக்கா. புதன்கிழமை வடக்கே இருந்து குளிர்காற்று இறங்கியது. மதியம் ஃபாரன்ஹீட்டில் எழுபது டிகிரி, மாலையில் தண்ணீர் உறைகிற இருபத்தைந்து. முதல் உறைகுளிர் அன்றைக்கு வருடாவருடம் எனக்கு நாற்பது அழைப்பு வரும். ஒருத்தர் வீட்டு எரிவாயு ஹீட்டர் பற்றிக்கொள்ளாது, இன்னொருத்தர் வீட்டில் பற்றி உடனே அணையும், எலி குழாயைக் கடித்திருக்கும். இந்த ஊரில் அந்த வேலை தெரிந்தவன் நான் ஒருவன்தான். சட்டை மாற்றி, பெட்டியைத் துடைத்து, தொலைபேசி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மணி அடிக்கவே இல்லை. தொலைபேசி கெட்டுவிட்டதோ என்று அல்பினாவின் கைப்பேசியிலிருந்து என்னையே கூப்பிட்டுப் பார்த்தேன். நன்றாக அடித்தது. ஊர் என்னைக் கூப்பிடுவதைவிட விறைத்துச் சாவதென்று முடிவு செய்துவிட்டது. வியாழன் காலை தெருவில் போனேன். தபால்காரர் இரண்டு கோட்டு போட்டிருந்தார். மில்டா அடுப்புக் கையுறையைக் கழற்றாமல் வியாபாரம் செய்தாள். பற்கள் தந்தியடிக்க, "குளிரா? எங்க குளிரு? எனக்கு வேர்க்குதுப்பா" என்றாள். கோயிலில் பாதர் துவாங் கம்பளித் தொப்பியோடு பூசை வைத்தார். "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்று அவர் சொன்னபோது வாயிலிருந்து புகையாக வந்தது. கோயில் ஹீட்டரில் என்ன கோளாறு என்று எனக்குத் தெரியும். பதினைந்து நிமிட வேலை. ஆனால் கூப்பிடாத வீட்டுக்குள் திருகாணி முடுக்கப் போகிறவன் திருடனுக்குச் சமம்.

வியாழன் பிற்பகல் நான்கு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். கிளெம் நின்றுகொண்டிருந்தான். நிலைப்படியை அடைத்துக்கொண்டு நின்றான். அடிக்க வந்திருக்கிறான் என்றே நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்வது என்றும் முடிவு செய்தேன்.

"சார், எங்க வீட்டு ஹீட்டர் நேத்துலேர்ந்து எரியலை. அம்மா உங்களக் கூப்பிடக் கூடாதுன்னுட்டாங்க. தங்கச்சிக்கு நெஞ்சுச்சளி. நானாத்தான் வந்தேன்."

பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவன் அம்மா நான் வருவதைப் பார்த்ததும் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து, "நான் யாரையும் கூப்பிடலை! ஹீட்டர் தானாச் சரியாச்சுன்னுதான் நான் சொல்லுவேன்!" என்று குரல் மட்டும் வந்தது. "சரிம்மா, தானாத்தான் சரியாகுது" என்றேன். தரையில் படுத்துக்கொண்டு, எரிவாயு வரும் முனையைச் சுத்தம் செய்தேன். கிளெம் டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது. எதற்கு என்று சொல்லிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

"கிளெம், அந்த விதி ஒரு மாதிரியான விதிதான். உனக்கு அன்னைக்கு அது..."

"எனக்குத் தெரியும் சார்."

"எது தெரியும்?"

"அந்த விதிதான். கோச் ஆகஸ்ட் மாசத்துலேர்ந்து வாரா வாரம் சொல்வாரு. டெர்ரிக் பந்தைத் தவறவிட்டா நீங்க யாரும் தொடாதீங்கடா, மத்தவன மறிச்சு நில்லுங்க, டெர்ரிக்கே எடுக்கட்டும்னு. எங்களுக்கெல்லாம் மனப்பாடம்."

நான் டார்ச் வெளிச்சத்தில் அவனை நிமிர்ந்து பார்த்தேன். "அப்புறம் ஏன்டா விழுந்து பிடிச்சே?"

"பந்து நேரா என்கிட்டயே வந்துச்சு சார்" என்றான். "நாலு வருஷத்துல முதல் தடவை. கை தானாப் போயிருச்சு. அடியில கிடக்கும்போதே ஞாபகம் வந்துருச்சு, இது செல்லாதுன்னு. ஆனா எல்லாரும் என் பேரைச் சொல்லிக் கத்துறாங்க. அம்மா குரலும் கேட்டுச்சு. அப்பா போனதுக்கப்புறம் அம்மா அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. அதான் கொஞ்ச நேரம் தலையைத் தூக்காமலே கிடந்தேன். நீங்க வந்து பந்தைக் கேட்டப்பகூட, செல்லாதுன்னு தெரிஞ்சேதான் நான்தானே பிடிச்சேன்னு கேட்டேன்."

ஹீட்டர் பற்றிக்கொண்டது, அக்கா. நீலச் சுடர் வரிசையாக ஓடியது. அந்த வெளிச்சத்தில் அவன் முகத்தைப் பார்க்க முடியாமல், எரிகிற ஹீட்டரின் திருகாணியை இன்னொரு தடவை முடுக்குவது மாதிரி பாவனை செய்துகொண்டிருந்தேன்.

அங்கிருந்து நேராகப் பள்ளி மைதானத்துக்குப் போனேன். எமில் அறையில் தனியாக உட்கார்ந்து, சட்டைகளை எண்ணிப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தான். அங்கேயும் ஹீட்டர் எரியவில்லை. போர்வையைப் போர்த்திக்கொண்டிருந்தான்.

"மச்சான், உனக்கு விதி தெரியும்."

"தெரியும்."

"ஆகஸ்ட்லேர்ந்து தெரியும்."

"பதினொரு வருஷமாத் தெரியும். இப்ப என்ன?"

"ஊரே என்னை வெறும் ரொட்டி தின்ன வைக்குது. உன் தங்கச்சி எனக்குக் கொழுக்கட்டை குடுக்க மாட்டேங்குறா. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நடுவர் சொன்னது விதிப்படி சரிதான்னு ஒரே ஒரு வார்த்தை?"

எமில் போர்வையை இறுக்கிக்கொண்டான். "சொல்றேன்னு வை. விதி சரின்னு ஆயிட்டா ஊர் அடுத்து என்ன கேக்கும்? தவறவே விடாத பையன் உதைக்கத் தயாரா நிக்கும்போது, தூறல்ல, ஈரக் கையோட இருக்கறவன்கிட்ட ஏன்டா பந்தைக் குடுத்தேன்னு கேக்கும். சமம் பண்ணி ஆட்டத்தை நீட்டியிருக்கலாமேன்னு கேக்கும். எனக்கு அதுக்குப் பதில் இல்ல, அலோயிஸ். அந்த நேரத்துல அப்படித் தோணுச்சு, அவ்வளவுதான். ஜனவரியில பள்ளிக் குழு கூடி என்னை வச்சுக்கறதா அனுப்பறதான்னு முடிவு பண்ணும். அவங்க உன் மேல கோவமா இருக்கறவரைக்கும் நான் தப்பிச்சேன்."

"அப்ப நான்?"

"உனக்கென்ன? உன்னை இந்த ஊர் துரத்த முடியுமா? இன்னும் ரெண்டு டிகிரி இறங்கட்டும், கதறிக்கிட்டு வருவாங்க. ஹீட்டர் பாக்கறவன் இல்லாம ஊர் இல்ல. கோச் எங்க வேணா கிடைப்பான்."

கோபமாக எழுந்தேன். கதவு வரை போனேன். அப்போதுதான் அவன் எண்ணிக்கொண்டிருந்த சட்டைகளில் ஒன்று கிளெமுடையது என்பதைப் பார்த்தேன். அதை மடிக்காமல் தனியே வைத்திருந்தான். "இதை அவன்கிட்டயே குடுத்துரலாம்னு இருக்கேன்" என்றான் எமில். "குடுக்கக் கூடாதுன்னு ஒரு விதி இருக்கு. நீ இதைப் பாக்கல, சரியா?" நான் பார்க்கவில்லை என்றேன். பிறகு என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? பெட்டியைத் திறந்து அவன் அறை ஹீட்டரைப் பற்ற வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இதுதான் நிலைமை. ஆட்டக்காரப் பையன்கள் கோச்சை மீறி வாய் திறக்க மாட்டார்கள், அவர்களை விட்டால் ஊரில் மூன்று பேருக்கு உண்மை தெரியும். ஒருவன் சொல்ல மாட்டான், ஒருவன் சொன்னால் அவனைப் பார்த்துச் சிரிப்பார்கள், மூன்றாவது ஆளான நான் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். வாயை மூடிக்கொண்டு இருப்பதென்று தீர்மானித்துவிட்டேன். அல்பினாவிடம்கூடச் சொல்லப் போவதில்லை. அவளுக்கு அண்ணன் என்றால் உயிர், அந்த உயிரை எடுத்து எனக்கு என்ன ஆகப் போகிறது? ஜனவரிக்குப் பிறகு எமிலே சொல்லுவான் என்று நினைக்க ஆசையாக இருக்கிறது, ஆனால் பிப்ரவரியில் அவனுக்கு வேறு காரணம் கிடைத்துவிடும். நான் இறந்தால் கல்லறைக் கல்லில் பெயருக்குக் கீழே "ஒரு கஜம்" என்று செதுக்குவார்கள். அதையும் மில்டாதான் யோசனை சொல்வாள். நீதிமான்கள் துன்பப்படுவார்கள் என்று சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் சொன்னபோது, அது சிங்கத்தின் வாயில் என்று நினைத்தேன். ரொட்டிக்கடையில் என்று யாரும் சொல்லவில்லை.

எனக்காக ஒரு ஜெபமாலை சொல்லுங்கள். கிளெமின் தங்கைக்குச் சளி குறைய ஒன்று சொல்லுங்கள். நேரம் மிஞ்சினால் எமிலுக்கும். உங்கள் முழங்காலுக்கு வாத்துக் கொழுப்புத் தடவவும். பரிசுத்த கன்னித்தாய் உங்கள் மடத்துக் கூரையையும் குழாய்களையும் எலுமிச்சைகளையும் காப்பாளாக. மதர் சுப்பீரியருக்கும் மற்றச் சகோதரிகள் எல்லாருக்கும், சமையல்கார அம்மாவுக்கும், என் பணிவான வணக்கங்கள்.

உங்கள் காலடியில் விழும், ஊரால் கைவிடப்பட்டாலும் மனச்சாட்சியால் கைவிடப்படாத தம்பி,
அலோயிஸ் வித்தெக்

பின்குறிப்பு: அக்கா, கவரை ஒட்டிவிட்டுக் கெட்டில் ஆவியில் காட்டிப் பிரித்திருக்கிறேன். தாள் சுருங்கியிருப்பதற்கு மன்னிக்கவும். மேலே நான் எழுதிய விதி சரி, ஓர்வில் காட்டிய ஜாடை சரி, கிளெம் சொன்னது, எமில் சொன்னது எல்லாம் வார்த்தைக்கு வார்த்தை சரி. பந்து நழுவியதை மட்டும் நான் பார்க்கவில்லை. டெர்ரிக்கும் அந்த இரண்டு தடியன்களும் என் மேல் சரிந்து வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். அரை விநாடிதான். திறந்தபோது பந்து கோட்டுக்கு உள்ளே உருண்டுகொண்டிருந்தது. டெர்ரிக்கின் கையில் இருக்கும்போதே அது கோட்டைத் தாண்டியிருந்தால், பிறகு யார் எடுத்தார்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை. இரண்டு புள்ளி, நம் ஊர் ஜெயித்தது. எங்கே நழுவியது என்று எனக்குத் தெரியாது. பையை ஒரு குத்துமதிப்பாகத்தான் போட்டேன். ஓர்வில் கேட்டபோது, ஊருக்குச் சாதகமாகச் சொன்னால் பாசத்தில் சொன்னேனோ என்ற சந்தேகம் சாகும்வரை அரிக்கும், பாதகமாகச் சொல்லிவிட்டால் எந்தச் சந்தேகமும் வராது என்று நினைத்தேன். வந்துவிட்டது. இது பாவமா, வெறும் தவறா என்று தயவுசெய்து அடுத்த தபாலில் எழுதுங்கள். தவறு என்றால் நம் இருவரோடு நிற்கட்டும். பாவம் என்றால் நான் பாதர் துவாங்கிடம்தான் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். அவர் ரகசியத்தைக் காப்பாற்றுவார், சந்தேகமே இல்லை. ஆனால் கூண்டை விட்டு வெளியே வரும்போது அவர் முகத்தைப் பார்த்தே ஊருக்குத் தெரிந்துவிடும்.